சிவந்துபோன சுவர்

"அம்மா, கீழ் அறைச் சுவரிலை மட்டும் கை வைச்சிடாதேங்கோ. இன்னும் காயேல்லை. விளங்கிச்சோ?"

"நானென்ன சின்னப்பிள்ளையே, சுவரிலை கை வைக்க?" என்றபடி கௌரி மகன் ஓட்டிவந்த வான் வண்டியிலிருந்து இறங்கினாள். ஒரு கையில் பால் பெட்டி. மறு கையில் மாவிலை, தேங்காய், செம்பு எல்லாம் அடைத்த துணிப்பை. அதை மடியில் வைத்துக்கொண்டுதான் தங்கள் வீடு இருக்கிற வில்லரேயிலிருந்து வந்திருந்தாள்.

மகள் நிரோஜா அந்தப் பையைப் பார்த்தாள். இதில் ஏதோ ஒன்று பிரச்சினையாகும் என்று அப்போதே அவளுக்குத் தோன்றியது. ஆனால் பிரச்சினை பாலிலிருந்துதான் வரும் என்று நினைத்தாள்.

மொன்றியல் தீவின் மேற்கு முனை, சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ. மதகுகளில் படகுகள் ஏறி இறங்கும் கால்வாய்க்கு எதிரே அந்தக் கல்வீடு நின்றது. தெஸ்ரோ வீடு என்று பெயர். பிரெஞ்சுக்காரர் இந்த மண்ணை ஆண்ட காலத்தில் ஒரு தோல் வியாபாரி கட்டியது. முழங்கை நீளத்துக்குத் தடித்த சுவர்கள், சரிந்து இறங்கும் கூரை, இரண்டு பக்கமும் புகைபோக்கிகள், சின்னச் சின்ன ஜன்னல்கள். ஊர் வரலாற்றுச் சங்கம் அதை வாங்கி அருங்காட்சியகம் ஆக்கியிருந்தது. இரண்டு வருடம் மூடிவைத்துத் திருத்திய வீடு வரும் ஞாயிற்றுக்கிழமை மறுபடி திறக்கப் போகிறது. இன்று வெள்ளி.

அந்த வீட்டுக்கு ஒரு பராமரிப்பாளர் வேண்டும். வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்ட, கதை சொல்ல, இரவில் பூட்டி மேல்மாடத்துச் சின்ன அறைகளில் தங்கிக் காவல் இருக்க. சரித்திரம் படித்துவிட்டு நாலு வருடம் கார்டெரி என்கிற பிள்ளைகள் காப்பகம் ஒன்றில் குழந்தைகளுக்கு மூக்குத் துடைத்துக்கொண்டிருந்த நிரோஜாவுக்கு இந்த வேலை வானத்திலிருந்து விழுந்ததுபோல வந்தது. ஆனால் சும்மா விழவில்லை. சங்கத் தலைவி மதாம் லாந்த்ரி முதல் நாளே சொல்லிவிட்டார்.

"இது சோதனைக் காலம். திறப்பு விழா அன்று முடிவு சொல்வேன். இந்த இடத்துக்கு வேறு இரண்டு பேர் காத்திருக்கிறார்கள், தெரியும்தானே?"

தெரியும். நிரோஜா குளிரிலும் மெட்ரோவும் பஸ்ஸுமாக ஏறி இறங்கி வந்தாள். ஒரு நாளும் பிந்தவில்லை. விதிகளை மனப்பாடம் செய்தாள். கீழ்த்தளத்தில் நெருப்பு கூடாது, தண்ணீர் கூடாது, சாப்பாடு கூடாது. தெற்குப் பக்கத்து மரக்கதவு ஜன்னல்களை ஒருபோதும் திறக்கக் கூடாது. வெயில் பழைய துணிகளின் நிறத்தைத் தின்றுவிடும். போன கிழமை மதாம் லாந்த்ரி சாவிக்கொத்தை அவள் கையில் வைத்து, "சாமான்களை மேலே கொண்டுவந்து வையுங்கள். மிச்சத்தை ஞாயிற்றுக்கிழமை பேசுவோம்" என்றபோது, இனி எல்லாம் சரி என்றுதான் தோன்றியது.

அதனால்தான் இன்று அப்பா, அம்மா, தம்பி பிருந்தன் எல்லோரும் அவளுடைய பெட்டிகளோடு வானில் வந்திறங்கியிருந்தார்கள்.

"இதுவோ வீடு?" அப்பா ஆனந்தராசா கழுத்தை வளைத்துக் கூரையைப் பார்த்தார். "முந்நூறு வருசமாம். எங்கடை அபார்ட்மெண்டிலை முப்பது வருசத்திலையே குழாய் எல்லாம் பழுதாப் போச்சு."

"அது வெள்ளைக்காரன்ரை கட்டு அப்பா. குழாயே இல்லாமல் கட்டினவன்" என்றான் பிருந்தன்.

மேல்மாடத்தில் மின் அடுப்பு இருந்தது. அங்கே சமைக்க அனுமதியும் இருந்தது. கௌரி சாமிப் படத்தைக் கிழக்குப் பார்க்க வைத்து, புதுச் சட்டியில் பாலை ஊற்றினாள். பால் பொங்கி வழிய, அடுப்பில் சுர்ரென்று ஆவி எழும்பியது. நிரோஜா துவாயை விசிறியபடி புகை அலாரத்துக்குக் கீழே நின்றாள். அது கத்தவில்லை. அப்பாடா என்று மூச்சு விட்டாள்.

"இனித்தான் இது வீடு" என்றாள் கௌரி. முகம் மட்டும் இன்னும் தெளியவில்லை. "பிள்ளை, அந்தப் பொம்பிளை எந்த இடத்திலை செத்தவ எண்டு சொன்னனீ?"

நிரோஜாவுக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு நினைவு வந்தது. வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டிய கதையை அவள் வீட்டில் சோற்றுக்கோப்பையோடு இருந்த அம்மா அப்பாவுக்குத்தான் பல தடவை சொல்லிப் பழகியிருந்தாள். வியாபாரியின் இளம் மனைவி, ஒரு பனிக்காலத்தில், கீழ் அறை அடுப்புக்குப் பக்கத்தில் பிள்ளை பெற்று இறந்தது அந்தக் கதையில் நல்ல இடம். அம்மா அன்று சோற்றைப் பிசையாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அது எப்பவோ நடந்த கதை அம்மா."

"எப்ப நடந்தாலென்ன? நீதானே இரவிலை தனியப் படுக்கப் போறாய்."

அந்த நேரம் பார்த்துக் கீழே ஒரு ஹோர்ன் அலறியது. பிருந்தனின் வான் ஒடுங்கிய தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. பின்னால் ஒரு சாமான் லொறி. "அக்கா, எங்கை விடுறது? கெதியா வா!" என்று அவன் கத்த, நிரோஜா படி இறங்கி ஓடினாள். தேவாலயத்துக்குப் பின்னால் இடம் தேடி, ஒன்றும் கிடைக்காமல், அடுத்த தெருவுக்குப் போய் விட்டுவிட்டு இருவரும் நடந்து திரும்பினார்கள்.

வாசல் கதவு திறந்து கிடந்தது.

கீழ் அறையின் நடுவே அப்பா செம்பை ஏந்திக்கொண்டு நின்றார். அம்மா மாவிலைக் கொத்தைச் செம்பில் தோய்த்து, உதடுகள் முணுமுணுக்க, நாலு மூலைக்கும் தெளித்துக்கொண்டிருந்தாள். மஞ்சள் தண்ணீர். செத்த வீட்டுத் துடக்கு என்ற தீட்டுப் போக, புது வீட்டுக் கண்ணூறு போகத் தெளிக்கிற அதே மஞ்சள் தண்ணீர்.

"அம்மா!"

"முடிஞ்சுது, முடிஞ்சுது. சுவரிலை நான் கை வைக்கேல்லை, அப்பாட்டைக் கேள்" என்றாள் கௌரி.

அது உண்மைதான். கை வைக்கவில்லை. ஆனால் ஆனந்தராசா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் குரல் ஒரு மாதிரியாக வந்தது.

"இஞ்சேர் கௌரி. நீ கரைச்சது மஞ்சள்தானே?"

"பின்னை என்ன?"

"அப்ப ஏன் சிவக்குது?"

புதன்கிழமை பூசிய தூய வெள்ளைச் சுவரில், அடுப்புப் பக்கமும் கதவுப் பக்கமும், துளித் துளியாய், கோடு கோடாய், இரத்தச் சிவப்பு ஊறிக்கொண்டிருந்தது.

இந்தச் சுவருக்குக் கடையில் வாங்கும் பெயின்ற் அடிக்கவில்லை. பழைய முறைப்படி சுண்ணாம்பை நீற்றி, கரைத்து, மெல்லிய துணியால் வடித்துப் பூசியிருந்தார்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று அந்த அறையில் நின்ற நாலு பேருக்கும் தெரியும். பிறந்தநாளுக்கும் கலியாணத்துக்கும் கண்ணூறு கழிக்கத் தட்டில் கரைக்கிற சிவப்புத் தண்ணீர் வேறு எதனால் ஆனது? ஆனால் தட்டில் இருக்கும்போது தெரிந்தது சுவரைப் பார்த்தபோது ஒருவருக்கும் தோன்றவில்லை.

"அக்கா, கொலை நடந்த இடம் மாதிரிக் கிடக்கு" என்றான் பிருந்தன்.

"வாயை மூடடா!"

"நான் நல்லதுக்குத்தானே பிள்ளை…" கௌரி மாவிலையைத் திரும்பச் செம்புக்குள் போட்டாள்.

"மதாம் நாலு மணிக்கு வாறா அம்மா. கடைசியாய் ஒருக்கால் பாக்க வாறா. இதைப் பாத்தாவெண்டால் நான் இண்டைக்கே இந்தப் பெட்டியளோடை வீட்டை வர வேண்டியதுதான்."

அதன் பிறகு நடந்ததெல்லாம் அவசரத்தில் நடந்தது. அவசரத்தில் நடந்ததெல்லாம் பிழையாக நடந்தது.

முதலில் ஈரத்துணி. கௌரி ஒற்றி எடுக்கத்தான் பார்த்தாள். துளியாக இருந்தது தேய்ந்து உள்ளங்கை அகலத்துக்குப் பரவியது. அடுத்தது தேசிக்காய். "புளி பட்டால் சிவப்பு போய் மஞ்சளாகும், பாத்தனான்" என்று கௌரி பையிலிருந்து ஒரு எலுமிச்சையை எடுத்து வெட்டினாள். பிழிந்தாள். சிவப்பு கண்ணுக்கு முன்னாலேயே மஞ்சளாகி மறைய, எல்லோருக்கும் ஒரு விநாடி உயிர் வந்தது. மறு விநாடி அந்த இடம் சோடா ஊற்றினதுபோல நுரைத்தது. சுண்ணாம்பு கரைந்து வழிந்து, உள்ளேயிருந்த சாம்பல் நிறக் காரை எட்டிப் பார்த்தது.

"நிப்பாட்டுங்கோ! நிப்பாட்டுங்கோ அம்மா!"

"நிலவறையிலை மிச்சச் சுண்ணாம்பு வாளி ஒண்டு நிக்குதெண்டு சொன்னியே அக்கா?" என்றான் பிருந்தன். அவனுக்கும் இப்போது பகிடி போய்விட்டது.

வாளி இருந்தது. நிரோஜாவும் பிருந்தனும் அதைத் தூக்கிவந்து, பெரிய மட்டைத் தூரிகையால் மேலே ஒரு பூச்சுப் பூசினார்கள். ஈரச் சுண்ணாம்பு முதலில் தண்ணீர்போலத்தான் தெரியும், காயக் காயத்தான் வெளுக்கும் என்று நிரோஜாவுக்குத் தெரியும். அதை அவளுக்குப் பூசிக் காட்டியவர் கிளோட் என்ற கொத்தனார். அவர்தான் இந்தச் சுவர் முழுவதையும் பூசியவர். வாசல் கதவுக்குப் பின்னால் சுவரில் ஒரு துண்டை அவளிடமே விட்டு, "இதை நீ பூசு. பிழையானாலும் கதவு மறைக்கும்" என்று சிரித்திருந்தார்.

அது காயட்டும் என்று எல்லோரும் பார்த்திருந்தார்கள். சுவர் வெளுக்கத் தொடங்கியது. வெளுத்த இடத்தின் அடியிலிருந்து, புதுச் சுண்ணாம்பைக் குடித்துக்கொண்டு, பழைய சிவப்பு மேலே ஏறி வந்தது. முன்னர் துளிகளாக இருந்தது இப்போது ரோசாப்பூ நிறத்தில் மேகம் மேகமாகப் படர்ந்தது.

வெளியே கார்க் கதவு அடிக்கும் சத்தம் கேட்டது.

"எல்லாரும் மேலை போங்கோ. ஒருத்தரும் கீழை வரப்படாது!"

மதாம் லாந்த்ரி சொன்ன நேரத்துக்கு முன்னரே வந்துவிட்டார். உயரமான பெண்மணி. நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருப்பார். "போன்ஜூர்" என்றபடி உள்ளே வந்தவர் பாதி வார்த்தையில் நின்றார். சுவரை நோக்கி நடந்தார். கண்ணாடியை மாட்டினார். கழற்றினார்.

நிரோஜா வாயைத் திறந்தாள்.

"கிளோட்!" என்றார் மதாம் லாந்த்ரி, பல்லைக் கடித்துக்கொண்டு. "துரு. பாருங்கள், இது துரு. இரும்பு கலந்த மலிவு மணலைக் காரையில் போட்டிருக்கிறான். அது இப்போது ஊறி வருகிறது. ஒட்டுப் பூச்சு வேறு பூசி மறைக்கப் பார்த்திருக்கிறான்!"

நிரோஜா வாயை மூடிக்கொண்டாள்.

அவள் எதுவும் திட்டமிடவில்லை. பொய்யும் சொல்லவில்லை. ஒரு வழி தானாகத் திறந்தது, அவ்வளவுதான். அதில் நுழையக்கூட வேண்டியதில்லை, சும்மா நின்றாலே போதும். மதாம் லாந்த்ரி போனை எடுத்தார். ஆற்றுக்கு அப்பால் லவாலில் வேறொரு வீட்டில் வேலையாக இருந்த கிளோட் மறுபக்கத்தில் ஏதோ கேட்பதும், மதாம் அதை வெட்டிப் பேசுவதும் அறை முழுவதும் எதிரொலித்தன. "இப்போதே வா… இல்லை, நீ வந்து பார்… இந்தத் தீவில் ஒரு பழைய வீட்டிலும் இனி நீ மட்டை பிடிக்காமல் செய்கிறேன், பார்த்துக்கொள்."

போனை வைத்துவிட்டு அவர் ஜன்னல் ஓரக் கதிரையில் உட்கார்ந்தார். நிரோஜா அடுப்புப் பக்கம் நின்றாள். லவாலிலிருந்து வர எவ்வளவு நேரம் ஆகும்? வெள்ளிக்கிழமை, பாலத்தில் நெரிசல் இருக்கும். ஒவ்வொரு கார்ச் சத்தத்துக்கும் அவள் வாசலைப் பார்த்தாள். கிளோட் சுவரைத் தொட்டுப் பார்த்தால் கண்டுபிடிப்பாரா? கண்டுபிடிக்காவிட்டால்? அது இன்னும் மோசம் என்று தோன்றியது. அந்த மனிதர் வேலைக்கு வரும் நாட்களில் தன் நாயை வெளியே கட்டிவிட்டு, சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார்.

படிகளில் காலடி கேட்டது.

கௌரி இறங்கி வந்துகொண்டிருந்தாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகி, இரண்டு கையாலும் ஒரு தம்ளரைப் பிடித்துக்கொண்டு. "வந்த மனிசிக்குப் பொங்கின பாலிலை ஒரு வாய் குடுக்காமல் விடுறதே?" என்றாள் தமிழில். பிறகு மதாமைப் பார்த்து, "போன்ஜூர், மதாம்."

கீழ்த்தளத்தில் சாப்பாடு கூடாது. மதாம் லாந்த்ரி அதைச் சொல்ல வாயெடுத்து, அந்த முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டு, "மெர்சி" என்று தம்ளரை வாங்கிக்கொண்டார். கௌரியின் விரல்கள் பத்தும் மஞ்சளாக இருந்ததை அவர் கவனித்தாரோ தெரியவில்லை.

"என்னவாம் பிள்ளை? ஏசினவவோ?"

"இல்லை அம்மா." நிரோஜா நிலத்தைப் பார்த்தாள். "சுவர் பூசினவரிலை பிழையெண்டு நினைக்கிறா. அவரைக் கூப்பிட்டிருக்கிறா."

"ஆர், அந்த நாயோடை வாற மனிசனையோ? நீ சொல்லுவியே."

"ஓம்."

கௌரி மகளின் முகத்தில் எதையோ தேடினாள்.

"அப்ப நீ ஒண்டும் சொல்லேல்லையோ?"

மேலே பிருந்தனின் நடை நின்றது. மேல்மாடத்துப் பலகை நிலத்தில் காதை வைத்துக்கொண்டு படுத்திருப்பான்.

"சரி விடு, நான் சொல்லுறன்" என்று கௌரி மதாம் பக்கம் திரும்பினாள். தன் நெஞ்சைத் தொட்டாள். "மதாம்… முவா…" 'நான்' என்ற அந்தச் சொல்லுக்குமேல் அவளிடம் பிரெஞ்சு இல்லை.

"வேண்டாம் அம்மா" என்றாள் நிரோஜா. "நான் சொல்லுறன்."

சொன்னாள். பால் பொங்கியது, மஞ்சள் தண்ணீர், செத்த பெண்ணின் கதை, தேசிக்காய், வாளி, மட்டை, எல்லாவற்றையும். ஒட்டுப் பூச்சுப் பூசியது கிளோட் இல்லை, தானும் தம்பியும் என்பதையும். சொல்லச் சொல்ல மதாம் லாந்த்ரியின் கையிலிருந்த பாலில் ஆடை படிந்தது. அவர் அதை ஜன்னல் மாடத்தில் வைத்தார்.

"உங்கள் அம்மா செய்தது எனக்கு விளங்குகிறது" என்றார் கடைசியாக. "என் அம்மாவும் புது வீட்டுக்குப் போனால் எல்லா மூலைக்கும் தீர்த்தம் தெளிப்பார். ஆனால் நான் உங்கள் முன்னால் நின்று ஒரு மனிதனைத் திட்டினேன். நீங்கள் கேட்டுக்கொண்டு நின்றீர்கள்."

நிரோஜா ஆமென்று தலையாட்டினாள்.

"சாவியைத் தாருங்கள்."

கொத்து அவளிடமிருந்து கைமாறியபோது சின்னதாக ஒரு சத்தம் கேட்டது. கௌரிக்கு அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அவள் படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

கிளோட் வந்தபோது முகம் வெளிறியிருந்தது. விஷயத்தைக் கேட்டதும் கதிரையில் பொத்தென்று விழுந்தார். "மஞ்சளா? சமையல் மஞ்சளா? பாலத்தில் நின்ற நேரம் முழுக்க நான் எந்த மணலைப் போட்டேன் என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டு வந்தேன்!" நிரோஜா மன்னிப்புக் கேட்டாள். அவர் கையை வீசினார். மன்னித்தாரா, பிறகு பார்க்கலாம் என்றாரா, புரியவில்லை. எழுந்துபோய்ச் சுவரை நகத்தால் சுரண்டினார்.

"மேலே எத்தனை தடவை பூசினாலும் ஊறி வரும். முழுக்கச் சுரண்டி எடுத்துப் புதிதாகத்தான் போட வேண்டும். ஒரு வாரத்துக்கு மேல் பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை நடக்காது."

மதாம் லாந்த்ரி நெற்றியைப் பிடித்துக்கொண்டார். அழைப்பு எல்லாருக்கும் போயாயிற்று. ஊரே வரும்.

நிரோஜாவுக்கு அங்கே இனி வேலை இல்லை. போய்ப் பெட்டிகளைக் கட்ட வேண்டும். ஆனால் கண்ணெடுக்க முடியாமல் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் அது தெரிந்தது.

தெற்கு ஜன்னலின் பலகைக் கதவில் ஒரு வெடிப்பு. அதன் வழியாக மாலை வெயில் ஒரு விரல் அகலத்துக்குச் சுவரில் விழுந்திருந்தது. வெயில் நின்ற இடத்தில் சிவப்பு இல்லை. தவிட்டு நிறமாக, பிறகு வைக்கோல் நிறமாக வெளிறிக் கிடந்தது. வெயில் கடந்துபோன தடம் முழுவதும் அப்படியே.

"மதாம்… இங்கே பாருங்கள்."

கௌரி படிக்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். அடுத்த கணம் தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, என்ரை விசர்! வெள்ளைச் சட்டையிலை கறி பட்டால் தோய்ச்சு வெயிலிலை தானே போடுறனான்! வெயில் மஞ்சளைத் திண்டிடுமே! உது எனக்கேன் நினைவு வரேல்லை?"

நிரோஜா மொழிபெயர்த்தாள். கிளோட் வெடிப்புக்கும் சுவருக்கும் இடையில் கண்ணை ஓட்டினார். "இருக்கலாம்" என்றார் மெதுவாக. "சத்தியம் பண்ண மாட்டேன்."

"அந்த ஜன்னல்கள் திறப்பதில்லை" என்றார் மதாம் லாந்த்ரி. பழக்கத்தில் வந்த வார்த்தை. சொல்லிவிட்டு அவரே நிறுத்தினார். "துணிகள் இருப்பதால் திறப்பதில்லை."

"துணிகளை வடக்கு அறைக்கு எடுத்துவிடலாம்" என்றாள் நிரோஜா. "நான் தூக்கிக் கொடுத்துவிட்டுப் போகிறேன்."

தூக்கினார்கள். நெய்த படுக்கை விரிப்பு, தொட்டில், தொட்டிலுக்குள் இருந்த மங்கிய சிறு போர்வை, கம்பளி நூற்கும் சக்கரம். ஆனந்தராசாவும் பிருந்தனும் கனமான மேசையை நகர்த்தினார்கள். "ஒரு மகளைக் குடியிருத்த வந்து, செத்தவன்ரை தட்டுமுட்டையெல்லாம் காவிறம்" என்று ஆனந்தராசா முனகினார். கிளோட் உளியால் கதவுக் கீல்களைத் தட்டித் தட்டி, எத்தனையோ காலமாகத் திறவாத அந்தப் பலகைகளை ஒவ்வொன்றாகத் திறந்தார். வெயில் சரிந்து உள்ளே விழுந்தது. கால்வாய்க் கரையில் ஐஸ்கிரீம் வாங்க நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மதாம் லாந்த்ரி எந்த வாக்கும் கொடுக்கவில்லை. "பெட்டிகள் ஞாயிறு வரைக்கும் மேலே இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னார். அது நல்ல சகுனமா, ஏற்றி இறக்கும் சிரமத்தைப் பார்த்துச் சொன்னதா? வானில் வீடு திரும்பும் வழி முழுக்க நிரோஜா அதையே புரட்டிக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை விடிந்தது. வானம் ஈயத் தட்டுப்போலக் கிடந்தது.

நிரோஜா போனில் வானிலையைப் பார்ப்பதும் வைப்பதுமாக இருந்தாள். கௌரி பிள்ளையாருக்கு விளக்கு வைத்துவிட்டு, வழக்கத்துக்கு மாறாக எதையும் கேட்காமல், பல்கனியிலேயே நின்றாள். மத்தியானச் சாப்பாட்டை ஒருவரும் தொடவில்லை. "மழை வந்தால் ஜன்னலுக்குள்ளாலை அடிக்கும்" என்று பிருந்தன் சொல்ல, மூன்று பேரும் சேர்ந்து அவனை ஏசினார்கள். மத்தியானம் திரும்பிய பிறகுதான் மேகம் கிழிந்தது. "வெயில்! பிள்ளை, வெயில்!" என்று கௌரி போட்ட சத்தத்தில் கீழ் வீட்டுக்காரர் கதவைத் திறந்து பார்த்தார். ஆனால் இங்கே வெயிலென்றால் அங்கேயும் வெயிலா? தீவின் அந்த முனையில் என்ன நடக்கிறது என்று யாரைக் கேட்பது? மதாமிடம் கேட்க நிரோஜா இரண்டு தடவை போனை எடுத்தாள். இரண்டு தடவையும் வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, திறப்புக்கு வெகு நேரம் முன்னரே போய் இறங்கினார்கள். கௌரி வாசலுக்கு வெளியே நின்றுவிட்டாள். எவ்வளவு கூப்பிட்டும் உள்ளே வரவில்லை.

மதாம் லாந்த்ரி அறையின் நடுவில் நின்றார். நிரோஜா சுவரைப் பார்க்கப் பயந்து முதலில் அவரைப் பார்த்தாள். அந்த முகத்தில் எதுவும் தெரியவில்லை. பிறகுதான் திரும்பினாள்.

வெள்ளை. அங்கங்கே பழைய காகிதம்போல ஒரு மங்கல், தேடினால்தான் தெரியும். தேசிக்காய் தின்ற இடத்தில் கிளோட் சத்தமில்லாமல் வந்து ஒட்டுப் போட்டிருந்தார். அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு சொட்டும் இல்லை.

"இங்கே வாருங்கள்" என்றார் மதாம்.

வாசல் கதவின் பின்புறம். ஜன்னல் வெயில் எட்டாத மூலை. நிரோஜா தன் கையால் பூசிய, வெள்ளிக்கிழமை அவசரத்தில் ஒட்டுப் பூச்சுப் படாமல் விடுபட்ட அந்தத் துண்டில் ஆறேழு துளிகள் அப்படியே சிவப்பாக, நிறம் கொஞ்சமும் குறையாமல் நின்றன.

"பார்த்தீர்களா?"

"பார்த்தேன், மதாம்."

"ஒருநாளும் மறைக்காதீர்கள். என்னிடம் மறைக்காதீர்கள் என்று சொல்கிறேன்." மதாம் லாந்த்ரி கனமான கதவை முழுதாகத் திறந்து சுவரோடு சேர்த்துத் தள்ளினார். துளிகள் அதன் பின்னால் போய்விட்டன. "ஊர்க்காரருக்கு மறைக்கலாம். ஆட்கள் வரும் நேரமெல்லாம் இந்தக் கதவு இப்படித் திறந்தே இருக்கட்டும்."

நிரோஜா தயங்கினாள். "இரவில்?"

"இரவில் பூட்டத்தானே வேண்டும்? அப்போது அதைப் பார்க்கப்போவது நீங்கள் ஒருவர்தான்." அவர் கோட்டுப் பைக்குள்ளிருந்து சாவிக்கொத்தை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். "நீங்கள் பார்க்க வேண்டும் என்றுதான் கிளோட்டை அதில் கைவைக்க விடவில்லை."

வெளியே ஆட்கள் சேரத் தொடங்கியிருந்தார்கள். அவர்களுக்கு முன்னால், கழுத்தை நீட்டி உள்ளே எட்டிப் பார்த்தபடி, கௌரி.

"என்னவாம் பிள்ளை? என்ன சொல்லுறா?"

நிரோஜா சாவியைத் தூக்கிக் காட்டினாள். பிறகு, "வாங்கோ அம்மா, உள்ளை வாங்கோ" என்றாள்.

கௌரி வாசற்படியில் ஒரு கணம் நின்றாள். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அப்படியே, சுவர்களிலிருந்து விலகி, அறையின் நட்டநடுவால் அடி மேல் அடி வைத்து உள்ளே வந்தாள்.